கயர் போகாத சட்டை: ஒரு மத்தியஸ்த சபை வழக்கும் மறுசீரமைப்பு நீதியும்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு செம்மண் தோட்டம். ஆடி மாதத்து இரவு ஒன்றில், குலை தள்ளி நின்ற 37 வாழைகளை யாரோ இடுப்பளவில் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். தோட்டக்காரி எனக்கு மாமி முறை. வயது 63. கணவர் இல்லை. ஒரே மகன் கனடாவில், ஸ்காபரோவில். காலையில் இறைப்புக்குப் போனவர் வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். குலை முற்ற இன்னும் மூன்று நாலு கிழமை இருந்தது. பிஞ்சுக் குலையைச் சந்தையில் யாரும் வாங்கமாட்டார்கள். மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரு தரப்பு வீட்டாரும் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். நான் சட்டம் படிப்பிக்கிறவன். மறுசீரமைப்பு நீதி, அதாவது குற்றம் செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் நேரில் பேசி நடந்த சேதத்தைச் சீர்செய்யும் வழி, என்ற பாடத்தைப் பல வருடங்கள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதை ஒரு வாங்கில் பக்கத்தில் இருந்து பார்த்தது இந்த வழக்கில்தான்.

வெட்டியவர்களைக் காட்டிக்கொடுத்தது ஒரு சட்டை. வாழையை வெட்டினால் வடியும் கயர் துணியில் பட்டால் முதலில் தெரியாது. காய்ந்த பிறகு கறுத்த பழுப்பாக ஏறிவிடும், அப்புறம் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. மூன்றாம் நாள் கிணற்றடியில் மகனின் சட்டையைத் தோய்த்த ஒரு தாய், மார்பிலும் கையிலும் தெறித்திருந்த கறையைப் பார்த்துவிட்டார். மகனிடம் கேட்டார். அவன் முதலில் மறுத்தான், பிறகு அழுதான். அன்று பின்னேரமே அந்த அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு கிராம சேவகர் (ஜீ.எஸ்.) வீட்டுக்குப் போனார். அங்கிருந்து பொலிஸ். மொத்தம் மூன்று பெடியன்கள்: இருவருக்கு 19 வயது, ஒருவனுக்கு 20. இந்த வழக்கில் நடந்த நல்லது எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்தக் கிணற்றடிதான் என்பது என் எண்ணம். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத ஒரு காரியத்தை அந்தத் தாய் செய்தார்.

பொலிஸ் வாக்குமூலம் எடுத்துவிட்டு விஷயத்தை, இருதரப்பையும் பேசவைத்து இணக்கம் காணும் மத்தியஸ்த சபைக்கு அனுப்பியது. மாமிக்கு அது பிடிக்கவில்லை. "இதென்ன, கைகழுவி விடுகினமோ?" என்று என்னிடம் கேட்டார். ஸ்காபரோவிலிருந்து மகன் தொலைபேசியில், "விடாதேங்கோ அம்மா, கேஸ் போடுங்கோ" என்றான்.

உண்மையில் யாரும் கைகழுவவில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி, சொத்துக்குச் சேதம் விளைவித்தல், அத்துமீறி நுழைதல், சிறு காயம் போன்ற குற்றங்கள் நீதிமன்றத்துக்குப் போகுமுன் சபைக்கு வந்தாக வேண்டும். சபையில் இணக்கம் வரவில்லை என்றால் அதற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழோடுதான் நீதவான் நீதிமன்றப் படி ஏறலாம். பண விவகாரங்களுக்குத் தொடக்கத்தில் 25,000 ரூபாய் என்று ஒரு வரம்பு இருந்தது. பிற்காலத்தில் அதைப் பல தடவை உயர்த்தினார்கள். சபையில் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. ஒவ்வொரு தரப்பும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்யும், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவார்கள். சம்பளம் இல்லாத வேலை. பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அதிபர்களும் அரச உத்தியோகத்தர்களுமே அதைச் செய்கிறார்கள்.

சபையைப் பற்றிச் சொல்லுமுன் ஒரு கணக்குப் பார்க்கலாம். மாமி மகனின் சொல்லைக் கேட்டு நேரே வழக்குப் போட முடிந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பெடியன்கள் குற்றத்தை ஒத்துக்கொண்டால் தண்டப்பணம். அது அரசாங்கத்துக்குப் போகும். நீதவான் விரும்பினால் குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின் கீழ் மாமிக்கு நட்டஈடு கொடுக்கச் சொல்லலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் தவணைக்கு மேல் தவணை. மாமி சாட்சிக் கூண்டில் ஏறி, சட்டத்தரணி கேட்பதற்குப் பதில் சொல்லிவிட்டு இறங்குவார். அவர் கேட்க விரும்பிய ஒன்றை அங்கே கேட்க இடமே இல்லை.

நோர்வேயின் குற்றவியல் அறிஞர் நீல்ஸ் கிறிஸ்டி 1977இல் எழுதியதும் இதைத்தான். ஒரு பிணக்கு என்பது அதில் பட்டவர்களின் சொத்து, அதை அரசும் சட்டத்தொழிலும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டன என்றார். எடுபட்டது பணம் மட்டுமல்ல, பேசும் வாய்ப்பும்தான். நோர்வே பின்னர் 1991இல் மத்தியஸ்த சபைகளுக்கென்றே சட்டம் போட்டது. அந்தக் கட்டுரையை நான் மாணவர்களுக்குப் பல தடவை விளங்கப்படுத்தியிருக்கிறேன். எனக்கே அது முழுதாக விளங்கியது மாமியின் இரண்டாம் அமர்வில்தான்.

முதல் அமர்வு ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட வகுப்பறையில். சின்னப் பிள்ளைகளின் வாங்கில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணித்தியாலமும் பணப் பேச்சுத்தான். ஒரு குலை என்ன விலை போகும், இதரைக்கு என்ன, கதலிக்கு என்ன, பிஞ்சுக் குலைக்கு அரை விலை போடலாமோ. பெடியன்களின் தகப்பன்மாரே பேசினார்கள். பெடியன்கள் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். மாமி ஒரு சொல் பேசவில்லை. தொகை முடிவாகாமல் அடுத்த கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.

இரண்டாம் அமர்விலும் அதே பேச்சுத் தொடங்கியது. மூன்று மத்தியஸ்தர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்தினார். மாமியின் பக்கம் திரும்பி, "காசு இருக்கட்டும். உங்களுக்கு இந்தப் பிள்ளையளிட்ட ஏதாவது கேக்க இருக்கோ?" என்றார்.

மாமி கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி இருந்தார். பிறகு கேட்டார்: "ஏன் தம்பி என்ர வாழையை வெட்டினனீங்கள்? உங்களுக்கு நான் என்ன செய்தனான்?"

ஒரு தகப்பன் பதில் சொல்ல வாயெடுத்தார். ஆசிரியை அவரைத் தடுத்துவிட்டார். கயர் பட்ட சட்டைக்காரன்தான் கடைசியில் பேசினான். "அது உங்கட தோட்டம் எண்டு தெரியாது அம்மா. மற்றாக்களின்ர எண்டு நினைச்சு வெட்டிட்டம்."

கிளுவை வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர், இவர்கள் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளைக் கண்டபடி ஓடுவதைப் பொலிஸுக்குச் சொல்லியிருந்தார். சைக்கிள் பிடிபட்டது. அந்தக் கோபத்தில் குடித்துவிட்டுக் கத்தியோடு வந்தவர்கள், இருட்டில் வேலி மாறிவிட்டார்கள்.

மாமியின் முகத்தை அந்த நேரத்தில் பார்த்தேன். மூன்று கிழமையாக அவர் வெளி லைட்டை அணைக்காமல் படுத்தவர். பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் துணைக்குக் கூப்பிட்டவர். தனியாக இருக்கிற தன்னைக் காணியிலிருந்து எழுப்ப யாரோ நினைக்கிறார்கள் என்றே நம்பியிருந்தார். மகனிடம்கூட அதைச் சொல்லவில்லை. அந்தப் பயம் ஒரு வரியில் இறங்கியது. இறங்கிய இடத்தில் கோபம் ஏறியது. "அப்ப, அவற்ற வாழையை வெட்டியிருந்தா சரியோ?" என்று கேட்டார்.

மூன்று பேரும் பதில் சொல்லவில்லை. ஆனால் அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் நிமிர்ந்தன. அதற்குப் பிறகு மாமியே பேசினார். பத்து மாதமாகத் தண்ணி மாறிய கதை, நாரிநோவோடு குட்டி நட்ட கதை, அந்தக் குலைக் காசில் கிணறு தூர்வார வைத்திருந்த திட்டம். தகப்பன்மார் இடைமறிக்கவில்லை. தொகை அன்றே முடிவானது: 60,000 ரூபாய், ஆளுக்கு 20,000. மாமி கேட்டது இன்னொன்று. ஆளுக்குப் பத்துக் காலை தோட்டத்துக்கு வர வேண்டும். அடிக்கட்டை கிளப்ப, குட்டி நட, தண்ணி மாற. தகப்பன் அல்ல, பெடியனே வர வேண்டும். அதையும் இணக்கச் சான்றிதழில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

மறுசீரமைப்பு நீதியின் முதல் வழக்கு என்று உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுவதும் கிட்டத்தட்ட இதே மாதிரியானது. மாமியின் மகன் இருக்கும் இடத்திலிருந்து சுமார் ஒன்றரை மணித்தியாலக் கார் ஓட்டத்தில் எல்மைரா என்ற சிறு ஊர் இருக்கிறது, கிச்சனர் நகருக்குப் பக்கத்தில். 1974இல் அங்கே 18, 19 வயதுப் பெடியன்கள் இருவர் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 இடங்களில் டயர் கிழித்து, கண்ணாடி உடைத்து நாசம் செய்தார்கள். மார்க் யான்சி என்ற நன்னடத்தை உத்தியோகத்தர், பாதிக்கப்பட்டவர்களை இவர்கள் நேரில் சந்தித்தால் என்ன என்று யோசித்தார். மெனோனைட் கிறிஸ்தவரான அவரும் சக ஊழியர் டேவ் வர்த்தும் அதை நீதிபதியிடம் முன்வைத்தார்கள். சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடே இல்லை. நீதிபதி முதலில் தயங்கிவிட்டு, பிறகு உத்தரவு போட்டார். பெடியன்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். சில மாதங்களுக்குள் நட்டஈட்டைக் கொடுத்து முடித்தார்கள். அந்த இருவரில் ஒருவர் பல வருடங்கள் கழித்துத் தன் பெயரை வெளியே சொல்லி, அதே பகுதியில் இப்படியான சந்திப்புகளை நடத்தும் அமைப்பில் தொண்டராகச் சேர்ந்தார்.

இப்படியான சந்திப்புகளில் பாதிக்கப்பட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது, ஏன் என் வீடு, என்னைக் குறிவைத்தாயா, திரும்ப வருவாயா என்பதே. மாமி எல்மைராவைக் கேள்விப்பட்டதில்லை. அவர் கேட்டதும் அதைத்தான்.

நியூசிலாந்து இன்னும் ஒரு படி போனது. மாவோரிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து அரச விடுதிகளில் போட்ட முறைக்கு எதிராக எழுந்த குரல்களின் பலனாக, 1989இல் சிறுவர், இளையோர், அவர்களது குடும்பங்கள் பற்றிய சட்டம் வந்தது. இளையோர் செய்யும் குற்றங்களில் கொலையையும் கைம்மோசக் கொலையையும் தவிர மற்றவற்றில் குடும்பக் கூட்டம் நடைமுறையின் மையமாயிற்று. பிள்ளை, பெற்றோர், மாமன், பாட்டி, பாதிக்கப்பட்டவர், பொலிஸ் எல்லாரும் ஒரே அறையில் இருந்து என்ன செய்வது என்று திட்டம் போடுவார்கள். பெரியவர்களின் வழக்குகளுக்கும் 2014 முதல் ஒரு விதி உண்டு: எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) குற்றத்தை ஒத்துக்கொண்டு, பாதிக்கப்பட்டவர் ஒருவர் இருந்தால், தண்டனை விதிக்குமுன் வழக்கைத் தள்ளிவைத்து, மறுசீரமைப்புச் சந்திப்பு பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தவர் வட அயர்லாந்தை உற்றுப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அங்கே பெல்பாஸ்ட் தெருக்களில் களவு, கார் கடத்தல் போன்றவற்றுக்கு ஆயுதக் குழுக்களே முழங்காலில் சுட்டுத் தண்டனை கொடுத்தன. மக்கள் பொலிஸை நம்பவில்லை, குழுவிடமே முறையிட்டார்கள். எங்களுக்கும் இது புதிது இல்லை. 80களில் சந்திக்குச் சந்தி லைட் கம்பத்தில் கட்டிச் சுடப்பட்ட உடல்களைப் பார்த்த தலைமுறை இன்னும் இங்கே உயிரோடு இருக்கிறது. கழுத்தில் தொங்கிய மட்டையில் குற்றம் எழுதியிருக்கும். வட அயர்லாந்தில் 1998 சமாதான உடன்படிக்கையை ஒட்டிய காலத்தில் சமூக அமைப்புகள் அந்த அடிதடிக்குப் பதிலாக இருதரப்பையும் பேச வைக்கும் மையங்களைத் தொடங்கின. 2002ஆம் ஆண்டுச் சட்டம், குற்றம் செய்த இளையோரையும் பாதிக்கப்பட்டவரையும் சந்திக்க வைக்கும் இளையோர் மாநாடு என்ற முறையை நீதிமன்ற ஏற்பாடாகவே ஆக்கியது. சட்டத்தின் மேல் நம்பிக்கை செத்துப்போன ஓர் இடத்தில் இது எழுந்தது என்பதே எனக்கு முக்கியம்.

அதே 2002இல் ஐ.நா.வின் பொருளாதார சமூகப் பேரவை இதற்கு அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. இரு தரப்பும் விரும்பி வர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அடிப்படை உண்மைகளில் உடன்பாடு இருக்க வேண்டும், பலத்தில் உள்ள ஏற்றத்தாழ்வைக் கவனிக்க வேண்டும். எங்கள் சபைகளை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அளந்து பார்த்தால் கவலையும் வருகிறது. விரும்பி வருதல் என்பதே முதல் சிக்கல். எங்கள் சட்டம் சபைக்குப் போவதைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. இணங்குவது கட்டாயம் இல்லை என்று எழுத்தில் உண்டு. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் மூவர் முன்னால் இருந்து "சரி, விட்டுக்குடுங்கோ" என்று சொல்லும்போது ஒரு தனிப் பெண்ணுக்கு மாட்டேன் என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! மாமியின் வழக்கில் இரு வீட்டாரும் ஒரே சாதி, கிட்டத்தட்ட ஒரே வசதி. தோட்டக்காரி குறைந்த சாதிக்காரியாகவும், வெட்டியவன் கோயில் தர்மகர்த்தாவின் மகனாகவும் இருந்திருந்தால் அந்த வாங்கில் அதே கேள்வி வந்திருக்குமா? வந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் பழைய ஊர்ப் பஞ்சாயத்தைப் பொற்காலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுதான். அங்கே சமாதானம் என்ற பெயரில் யார் எப்போதும் விட்டுக்கொடுத்தார்கள் என்று அவர்கள் கேட்பதில்லை.

பாலியல் வன்முறையில் இந்தக் கோடு இன்னும் தடிப்பாக இருக்க வேண்டும். 2015இல் சென்னை உயர் நீதிமன்றம், பாலியல் வல்லுறவுக்காகத் தண்டனை பெற்ற ஒருவரைப் பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசப் பிணையில் விட்டது. சில நாட்களில் இந்திய உச்ச நீதிமன்றம் மதன்லால் வழக்கில், வல்லுறவில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. சென்னை நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. திருமணம் செய்து வைத்து வழக்கை மூடும் பழக்கம் எங்கள் பக்கத்திலும் உண்டு. அதற்கு மறுசீரமைப்பு நீதி என்று பெயர் சூட்ட யாரும் வந்தால் நான் எதிர்த்து நிற்பேன்.

பெரிய குற்றங்களுக்கு இது வராதா என்று மாணவர்கள் கேட்பார்கள். வந்திருக்கிறது. நிறவெறி ஆட்சிக் காலக் குற்றங்களைப் பற்றித் தென்னாபிரிக்காவின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 1996இல் விசாரணையைத் தொடங்கியபோது, முழு உண்மையையும் சொன்னவருக்கே மன்னிப்பு என்ற நிபந்தனை இருந்தது. ருவாண்டாவின் கச்சாச்சா ஊர்மன்றங்கள் 2012இல் மூடப்படும்வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இனப்படுகொலை வழக்குகளைப் பார்த்தன. இரண்டிலும் குறை நிறைய உண்டு. எங்கள் நாட்டில் காணாமல் போனோர் அலுவலகத்துக்கு 2016இலும் இழப்பீட்டு அலுவலகத்துக்கு 2018இலும் சட்டம் வந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்த, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார், காசு வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள் என்றார்கள். அவர்கள் பணத்தை மறுத்ததைப் பிடிவாதம் என்று சொன்னவர்கள் உண்டு. மாமியின் இரண்டு அமர்வுகளையும் பார்த்த பிறகு எனக்கு அந்தச் சொல்லைக் கேட்கவே முடியவில்லை. 37 வாழைக்கே ஒரு மனுஷி விலையைத் தள்ளிவைத்துவிட்டுக் கேள்வியைத்தான் கேட்டாள்.

பலன் தருமா என்பதற்கும் ஆய்வுகள் இருக்கின்றன. எதிரியும் பாதிக்கப்பட்டவரும் நேரில் சந்தித்த 10 பரிசோதனைகளை ஒன்றாகத் தொகுத்த 2013ஆம் ஆண்டு மீளாய்வு, மறுபடி குற்றம் செய்வது ஓரளவு குறைகிறது என்றும், பாதிக்கப்பட்டவர்களின் மனநிறைவு கூடுகிறது என்றும் கண்டது. ஓரளவு என்ற சொல்லை நான் விட்டுவிட விரும்பவில்லை. இது மந்திரம் இல்லை.

சபைக்கு என் யோசனை ஒன்றுதான். தொகை பேசுமுன் பாதிக்கப்பட்டவரிடம், உங்களுக்கு என்ன கேட்க வேண்டும் என்று கேளுங்கள். குற்ற வழக்குகளில் அதை முதல் வேலையாகவே வையுங்கள். அந்த ஆசிரியை கேட்டது அவரது சொந்தப் புத்தியால். அவர் அன்று வராமல் இருந்திருந்தால் இரண்டாம் அமர்வும் குலை விலையோடு முடிந்திருக்கும். சான்றிதழும் அதே சான்றிதழாகவே இருந்திருக்கும், கோப்பில் இணக்கம் என்றே பதிவாகியிருக்கும். மாமி மட்டும் லைட்டை அணைக்காமல் படுத்திருப்பார்.

ஒப்பந்தம் எப்படிப் போனது என்றும் சொல்ல வேண்டும். பணம் மூன்று மாதத்தில் வந்துவிட்டது. கயர்ச் சட்டைக்காரன் பத்துக் காலையும் வந்தான். முதல் நாள் மாமி அவனோடு பேசவில்லை. நாலாம் நாள் தேத்தண்ணி கொடுத்தார். இரண்டாமவன் வேலைக்கு வந்தான், ஆனால் கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்து நாள் முடிந்ததும் போய்விட்டான். வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரரிடம் மூன்று பேரும் மன்னிப்புக் கேட்கப் போனார்கள். அவர் படலையைத் திறக்கவில்லை. அது அவருடைய உரிமை.

மூன்றாமவன் ஆறு நாள் வந்தான். ஏழாம் நாளுக்கு முன் கட்டாருக்கு வேலை சரிவந்து போய்விட்டான். மாமி ஒரு சீ.ஆர். கொப்பியில் மூன்று பேருக்கும் கோடு போட்டு, வந்த நாளுக்குச் சரி அடையாளம் இட்டு வைத்திருக்கிறார். போன தையில் போனபோது அதைக் காட்டினார். கடைசி வரியில் நாலு கட்டம் வெறுமையாக இருந்தது. "இதை வெட்டிவிடலாமே மாமி, காசும் வந்திட்டுது" என்றேன்.

"ஏன் வெட்டுவான்?" என்றார். "லீவிலை வரேக்கை வந்து செய்வன் எண்டு தாயிட்டச் சொல்லிவிட்டிருக்கிறான். வரட்டும்."